எட்டு வருஷம் காத்திருந்த ராணி

அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கிறவன் கொதிகலனைப் பற்றித்தான் எழுதுவான் என்று மலர்க்குழு நண்பர்கள் நினைத்திருப்பார்கள். எனக்கோ வேலு நாச்சியாரைப் பற்றி எழுத ஆசை. நம் லைனில் ரயிலேறி பீச் ஸ்டேஷனில் இறங்கினால் எட்டிவிடுகிற செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கும் அவர் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

1730-இல் ராமநாதபுரம் சேதுபதி வீட்டில் பிறந்த ஒரே பெண். வாள், சிலம்பம், குதிரையேற்றம் எல்லாம் கற்றுக்கொடுத்து வளர்த்தார்கள். உருதுவும் தெரியும், அது பின்னால் கைகொடுத்தது. சிவகங்கை முத்துவடுகநாதருக்கு வாழ்க்கைப்பட்டார்.

ஆற்காடு நவாபு முகமது அலிக்குக் கும்பினியிடம் தலைக்கு மேல் கடன். பாக்கி கப்பம் என்று பாளையங்களைப் பிழிந்தார். 1772 ஜூன் 25, காளையார்கோவில். கும்பினிப் படையும் நவாபு படையும் சேர்ந்து தாக்கியதில் முத்துவடுகநாதர் உயிரிழந்தார். நாச்சியாருக்கு அப்போது வயது 42, கையில் சின்ன மகள் வெள்ளச்சி. உடன்கட்டை ஏறுவார் என்றுதான் ஊர் எதிர்பார்த்திருக்கும். அவர் ஏறவில்லை. பிரதானி தாண்டவராய பிள்ளை, மருது சகோதரர்கள் துணையோடு திண்டுக்கல் பக்கம் விருப்பாச்சிக்குப் போய்விட்டார். இங்கே சிவகங்கைக்கு ஹுசைன் நகர் என்று பேரையே மாத்திட்டாங்க!

ஹைதர் அலியிடம் 5,000 குதிரைப்படை, 5,000 காலாட்படை கேட்டுத் தாண்டவராய பிள்ளை கடிதம் எழுதினார். உதவி உடனே வந்துவிடவில்லை. பிள்ளையும் திரும்பிப் பார்க்காமலே காலமானார். எட்டு வருஷம் அடுத்தவர் ஊரில், அடுத்தவர் தயவில் உட்கார்ந்து படை திரட்டுவது லேசான காரியமா? சண்டையைவிட எனக்கு இதுதான் பெரிசாகப் படுகிறது.

1780-இல் ஹைதர் ஆற்காட்டுச் சீமைக்குள் புகுந்தார். காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கும்பினி படுதோல்வி அடைந்தது அந்த வருஷம்தான். நவாபுக்கும் கும்பினிக்கும் மூச்சுவிட நேரமில்லை. அதே ஆண்டில் நாச்சியார் சிவகங்கையை மீட்டார். குயிலி என்ற பெண் உடம்பில் நெய் ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் பாய்ந்தாள் என்பது வாய்மொழியாக வந்த கதை. சிவகங்கைச் சீமையில் இன்றும் சொல்கிறார்கள்.

மீட்ட பிறகும் நிம்மதி இல்லை. சின்ன மருது பிரதானி, பெரிய மருது தளபதி. போகப்போக அதிகாரம் அவர்கள் பக்கமே சாய்ந்தது. 1796 டிசம்பர் 25-இல் நாச்சியார் மறைந்தார். ஐந்து வருஷம் கழித்து, 1801-இல், அந்த மருது சகோதரர்களையும் கும்பினி திருப்பத்தூரில் தூக்கிலிட்டது. நாச்சியாருக்குத் தபால்தலை வந்தது 2008-இல்.