கல்லை அறிந்த குமாரசுவாமி

கலாயோகி ஆனந்த குமாரசுவாமி என்றவுடன் நம்மவர் நினைவில் எழுவன கூத்தப்பிரானின் திருவுருவமும் பொஸ்தன் நகர் நூதனசாலையுமே. அப்பெரியார் முதன்முதல் துறைபோகக் கற்றது கல்லைப்பற்றிய சாத்திரம் என்பதை அறிந்தோர் சிலரே. அட்டன் பகுதியிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு அவர் வரலாற்றில் மிக உவப்பானது இப்பகுதிதான். அவர் ஆராய்ந்த பாறைகளின் மேலன்றோ எங்கள் தேயிலைத் தோட்டங்கள் நிற்கின்றன!

சேர் முத்து குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி அம்மையாருக்கும் மகனாக 1877 ஆகஸ்டு 22ஆம் நாள் கொழும்பிலே பிறந்தார். பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் ஆகியோர் இவருக்கு அத்தை மக்கள். இரண்டு வயது நிரம்புமுன், 1879இல், தந்தையார் காலமானார். ஆங்கில நாட்டிலே தாயாரிடம் வளர்ந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலவியலும் தாவரவியலும் பயின்று 1900இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டிலேயே இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி எழுதத் தொடங்கிவிட்டார். 1903இல் இலங்கைக் கனியவள ஆய்வுப் பகுதிக்கு முதல் தலைவரானார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

கனியம் ஒன்றைக் கண்டால் அது இன்னதென எங்ஙனம் துணிவது? நிறத்தை மட்டும் நம்புவோன் ஏமாறுவான். ஒரே படிகம் வெண்மையாகவும் ஊதாவாகவும் புகைநிறமாகவும் கிடைக்கும். ஆதலின் அறிஞர் அதனை மெருகிடாத பீங்கானில் உரைத்து, விழும் கீற்றின் நிறம் பார்ப்பர். நகத்தாற் கீறுமா, கத்தியாற் கீறுமா, அது கண்ணாடியைக் கீறுமா என வன்மை பார்ப்பர். இதற்கெனப் பத்துப் படிகள் கொண்ட அளவையை மோஸ் என்னும் செருமானியர் 1812இல் வகுத்தார். அதிலே படிகத்துக்கு இடம் ஏழு, வைரத்துக்குப் பத்து. மைக்கா ஏடேடாகப் பிரியும். படிகமோ உடையுமேயன்றி ஒழுங்காகப் பிளவாது. இறுதியாக, கையிலெடுத்துக் கனம் பார்த்தல். அட்டன் வீதியோரத்துப் பாறை வெட்டுகளிலே செம்புள்ளிகளாக மின்னும் காணற்று மணிகளை எங்கள் மாணவர் மாணிக்கமென்றே கொண்டுவருவர். இச்சோதனைகளில் இரண்டைச் செய்து காட்டினால் அவர்கள் ஆசை அடங்கும், அறிவு விரியும்.

குமாரசுவாமி பெயர்பெற்றது கனத்தாலேதான். சிவனொளிபாதமலைத் தொடருக்குத் தெற்கே பலாங்கொடைப் பக்கத்தில், மணிக்கல் அரிக்கும் பருக்கைகளிடையே கரிய சிறு கனசதுரங்கள் கிடைத்தன. இரும்பு நீரினும் எட்டு மடங்கிற்குச் சற்றுக் குறைந்த கனமுடையது; இவையோ ஒன்பது மடங்கிற்கும் மேல். நிறமும் வடிவும் கனமும் சேர்ந்து யுரேனியக் கனியமாகிய யுரேனினைட்டையே சுட்டின. 1904இல் அவரும் அவ்வாறே கொண்டார். இலண்டனிலே டன்ஸ்தன் என்பார் இரசாயனப் பகுப்புச் செய்தபோது நூற்றுக்கு எழுபதுக்கு மேல் தோரியம் ஒட்சைட்டே இருப்பது தெரிந்தது. உலகம் அதுவரை அறியாத கனியம். தோரியனைட்டு என அதற்குப் பெயராயிற்று. கண்ணும் கையும் ஓரெல்லை வரையே வழிகாட்டும். ஆயினும் அவை ஐயுற்று எடுத்து வையாவிடின் பகுப்புச் சாலைக்கு அக்கல் போயிருக்குமா? எரிவாயு விளக்குக்குரிய வலைகள் செய்யத் தோரியம் வேண்டியிருந்த காலம் அது. கல் நல்ல விலை போயிற்று. அதனினும் பெரிது, 1905இல் இலண்டனில் இராம்சேயின் ஆய்வுகூடத்திலிருந்த ஓட்டோ ஹான் இலங்கைத் தோரியனைட்டிலிருந்தே கதிர்த்தோரியத்தைக் கண்டறிந்தமை. பின்னர் அணுப்பிளவு ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவரே.

இதற்கு முன்னரே, 1902இல், கண்டிப் பகுதியின் கங்கப்பிட்டியாவில் எடுத்த நீலநிறக் கனியமொன்றைப் பிரையர் என்பாருடன் ஆராய்ந்து, பழைய அராபியர் இத்தீவுக்கிட்ட செரண்டிப் என்ற பெயரால் செரண்டிபைட்டு என வழங்கியிருந்தார்.

1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞானப் பண்டிதர் பட்டம் அளித்தது. அவ்வாண்டோடு உத்தியோகமும் முடிந்தது. கல் தேடிக் கண்டி நாட்டுச் சிற்றூர்தோறும் நடந்தவர், அங்கே தச்சரும் கொல்லரும் நெசவாளரும் ஆலைப்பொருளின் முன் தொழிலிழந்து நிற்கக் கண்டார். சுத்தியலைக் கீழே வைத்தார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. ஒரு விஞ்ஞானியை நாம் இழந்தோம் என்று வருந்துவாருளர். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை. உளிபட்ட தடத்தையும் உலோகத்தின் வார்ப்பையும் அவர் விரித்தெழுதும் நுணுக்கத்திலே பாறை பார்த்த அதே கண்ணைக் காண்கிறேன்.

1917இல் பொஸ்தன் நூதனசாலையில் இந்தியக் கலைப்பகுதிப் பொறுப்பேற்று, முப்பது ஆண்டுகள் அங்கிருந்து, 1947 செப்டெம்பர் 9ஆம் நாள் அந்நகரை அடுத்த நீதாமில் காலமானார்.