மருத்துவர் கோக்கர்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1841ஆம் ஆண்டு பிறந்தவர் தியோடார் கோக்கர். அந்நாட்டு மலையூர்களில் முன்கழுத்துக் கழலைநோய் மிகுந்திருந்தது. கழலையால் மூச்சுத் திணறியோருக்கு அவர் தைராய்டுச் சுரப்பியை முழுதும் அகற்றி உயிர் காத்தார். 1874இல் அவ்வாறு பிழைத்த 11 வயதுச் சிறுமியோ வளர்ச்சி குன்றி, அறிவு மழுங்கினாள். இதனை அறிந்த கோக்கர் தம் பழைய நோயாளிகளை அழைத்து ஆராய்ந்தார். பலரும் அந்நிலை எய்தியிருந்தனர். தம் சிகிச்சையால் விளைந்த தீங்கை 1883இல் மருத்துவர் அவையில் மறையாது உரைத்தார். பின்னர், இயன்றவரை சுரப்பியின் ஒரு பகுதியை விட்டுவைத்தார். 1909இல் நோபெல் பரிசு பெற்றார், 1917இல் மறைந்தார்.

அச்சுரப்பி தொழிற்பட உணவில் அயோடின் வேண்டும். கருவிலும் குழந்தைப் பருவத்திலும் அது மிகக் குறைந்தால் மூளை வளர்ச்சி தடைப்படும். அக்குறை வாழ்நாள் முழுதும் நிலைக்கும். மலைமண்ணிலோ அயோடின் அரிது. எனவே 1922 முதல் சுவிட்சர்லாந்தில் உப்புடன் அயோடின் சேர்க்கப்பட்டது. ஒரு சிட்டிகை உப்பு வருந்தலைமுறையின் அறிவைக் காத்தது.