ராஜாஜியின் கறுப்புக் கண்ணாடி: வெயிலுக்குக் கறுக்கும் லென்ஸ் வாங்கும் முன் ஒரு சேலம் கதை

வழுக்கைத் தலை, தோளில் வெள்ளைத் துண்டு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இந்த மூணை மட்டும் வரைஞ்சா போதும், கீழே பெயர் போடவே வேண்டாம். அது ராஜாஜின்னு அந்தக் காலத்துப் பத்திரிகை வாசகருக்குப் புரிஞ்சிடும். கார்ட்டூன் போடுறவங்களுக்கு அவர் அவ்வளவு சுலபமான ஆள்.

உங்க போன்ல இப்பவே அவர் படத்தைத் தேடிப் பாருங்க. வெட்டவெளியில நிக்கும்போதும் கறுப்புக் கண்ணாடி, அறைக்குள்ள நாற்காலியில உட்கார்ந்திருக்கும்போதும் அதே கறுப்புக் கண்ணாடி. வெயிலுக்குக் கறுத்து நிழலுக்குத் தெளியுற லென்ஸ் அவர் காலத்தின் பெரும்பகுதியில இல்லை. டின்ட் போட்டா போட்டதுதான், காலையிலும் அதே கறுப்பு, ராத்திரியிலும் அதே கறுப்பு.

இன்னைக்கு நீங்க சேலத்துலயோ நாமக்கல்லிலயோ ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனா, கவுன்ட்டர்ல இருக்கிறவர் ரெண்டு கேள்வி கேட்பார். உங்களுக்கு, ஃபோட்டோகுரோமிக் வேணுமா? கூட வந்த அப்பாவுக்கு, புரோகிரஸிவ் போடலாமா? ரெண்டும் கொஞ்சம் காசு பிடிக்கிற கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி, இதே ஊர் வெயில்ல வாழ்ந்த ஒருத்தரோட கதையைக் கேட்டுட்டுப் போங்க.

ராஜகோபாலாச்சாரி பிறந்தது 1878 டிசம்பர் 10. ஊர் ஓசூர் பக்கத்துல தொரப்பள்ளி. இப்போ அது கிருஷ்ணகிரி மாவட்டம், அப்போ சேலம் மாவட்டம். ரொம்ப நோஞ்சான் குழந்தை. பிழைக்குமான்னே வீட்டுல பயந்தாங்க. அந்தக் குழந்தைதான் 94 வயசு வரைக்கும் இருந்துச்சு. ஓசூர்ல பள்ளிக்கூடம், பெங்களூர்ல கல்லூரி, சென்னையில சட்டம் முடிச்சுட்டு, 1900-ல சேலத்துக்கு வக்கீலா வந்தார். நல்லா சம்பாதிச்சார். மனைவி அலமேலு மங்கம்மா சின்ன வயசுலேயே இறந்துட்டாங்க. மூணு பையன், ரெண்டு பொண்ணு. அவர் மறுமணம் செஞ்சுக்கலை.

1917-ல சேலம் நகராட்சித் தலைவர் ஆனார். ஆனா எனக்கு அதைவிடப் பிடிச்சது அதுக்கு முந்தின வருஷம் அவர் செஞ்ச ஒரு வேலை. தமிழ்ல அறிவியல் சொற்கள் வேணும்னு 1916-ல ஒரு சங்கத்தைத் தொடங்கினார். தாவரவியல், வேதியியல், இயற்பியல், வானியல், கணக்கு, எல்லாத்துக்கும் தமிழ்ச் சொல் உண்டாக்குறதுதான் அதோட வேலை. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கடையில நாம ஃபோட்டோகுரோமிக்னுதான் சொல்றோம். பாதிப் பேர் வாயில அது 'சன்லைட் கண்ணாடி' ஆயிடுது. அவர் கேட்டிருந்தா ஒரு நல்ல சொல்லைப் பிடிச்சுக் கொடுத்திருப்பார்.

பின்னாளில் அவர் 'திண்ணை ரசாயனம்'னு ஒரு புத்தகமே எழுதினார். வேதியியலைத் திண்ணையில உட்கார்ந்து பேசுற மாதிரி சொல்ற முயற்சி. அந்தத் திண்ணைக்கு ஏத்த விஷயம்தான் இந்த லென்ஸ். பழைய ஃபிலிம் ரோல் ஞாபகம் இருக்கா? உங்களுக்கு இல்லைன்னா அப்பாவுக்கு இருக்கும். அதுல இருந்தது வெள்ளி உப்பு. வெளிச்சம் பட்டா உடைஞ்சு கறுத்துடும், திரும்ப வராது. 1960-களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்துல ஸ்டூக்கி, ஆர்மிஸ்டெட்னு ரெண்டு பேர் இதே வெள்ளி உப்பை ரொம்பப் பொடியான படிகமா கண்ணாடிக்குள்ளேயே அடைச்சாங்க. புற ஊதாக் கதிர் பட்டதும் வெள்ளி பிரிஞ்சு கண்ணாடி கறுக்கும். ஆனா பிரிஞ்சது எங்கேயும் ஓட முடியாது, உள்ளேயே சிறை. நிழலுக்கு வந்ததும் பழையபடி சேர்ந்துடும், கண்ணாடி தெளியும். இப்போ வர்ற பிளாஸ்டிக் லென்ஸ்ல வெள்ளிக்குப் பதிலா ஒருவகைச் சாயம். கதிர் பட்டா மூலக்கூறு வடிவம் மாறிக் கறுக்கும், கதிர் போனா பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

கடையில பல நேரம் சொல்லாத ஒரு விஷயம் இங்கேதான் இருக்கு. சூடு ஏற ஏற அந்த மூலக்கூறு சீக்கிரமா பழைய வடிவத்துக்குத் திரும்பிடும். அதனால மே மாச மத்தியானம் சேலம் ஜங்ஷன்ல நிக்கும்போது, நீங்க எதிர்பார்த்த அளவுக்கு லென்ஸ் கறுக்காது. அதே கண்ணாடியோட ஏற்காடு ஏறிப் பாருங்க, குளிர்ல நல்லாவே கறுக்கும். லென்ஸ் மோசம்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போக வேண்டாம்.

இன்னொண்ணு. கறுக்க வைக்கிறது வெறும் வெளிச்சம் இல்லை, புற ஊதாக் கதிர். காரோட முன்பக்கக் கண்ணாடி அதுல பெரும்பகுதியைத் தடுத்துடும். நாமக்கல்ல லாரி ஓட்டுற மாமா ஒருத்தர் உங்க வீட்டுல இருந்தா, கேபினுக்குள்ள உட்கார்ந்து ஓட்டும்போது சாதாரண ஃபோட்டோகுரோமிக் பெருசா கறுக்காதுன்னு முதல்லயே சொல்லிடுங்க. அவருக்கு பவர் போட்ட கூலிங் கிளாஸ் தனியா ஒண்ணு இருக்கிறது நல்லது, ராத்திரி ஓட்டத்துக்குத் தெளிவான கண்ணாடி வேற. முகம் மூடின ஹெல்மெட் போடுறவங்களும் கவனிங்க, வைசரை இறக்கினா லென்ஸ் சரியா கறுக்காம போகலாம். வெயில்ல இருந்து வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் உடனே தெளியாது, சில நிமிஷம் ஆகும்.

ராஜாஜி கதைக்கு வருவோம். 1919-ல காந்தியைச் சந்திச்சார். 1920-ல வக்கீல் தொழிலையே விட்டார். 1921 டிசம்பர்ல கைதாகி மூணு மாசம் வேலூர் சிறை. 1925 பிப்ரவரி 6-ல திருச்செங்கோடு பக்கத்துல புதுப்பாளையத்துல காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். நிலம் கொடுத்தவர் ரத்தினசபாபதிக் கவுண்டர்.

அந்தப் பக்கம் பஸ்ல போயிருக்கீங்களா? மானாவாரி நிலம். வானம் பொய்ச்ச வருஷம் கண்ணுக்கு எட்டின வரைக்கும் பொட்டல். ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல சம்பாதிச்ச வக்கீல், அந்த இடத்துல ஓட்டு வீட்டுல குடியிருந்து, ராட்டை நூலுக்கும் கதருக்கும் கணக்குப் பார்த்தார். தீண்டாமைக்கு எதிராவும் கள்ளுக்கு எதிராவும் ஊர் ஊராப் போனார். மதுவிலக்குக்காக 'விமோசனம்'னு ஒரு பத்திரிகை நடத்தினார். அதுல கூட இருந்து வேலை பார்த்தவர் கல்கி கிருஷ்ணமூர்த்தி. ஆமா, பொன்னியின் செல்வன் கல்கிதான்.

1930 ஏப்ரல் 13. திருச்சியில இருந்து வேதாரண்யத்துக்கு நடை. கிட்டத்தட்ட 240 கிலோமீட்டர், கூட நூறு தொண்டர்கள். சித்திரை வெயில். ராஜாஜிக்கு 51 வயசு. 15 நாள் நடந்து, கடற்கரையில உப்பு அள்ளி, கைதானார். காவிரிப் படுகையில அந்த வெயில் கண்ணுல என்ன செய்யும்னு அங்கே ஏப்ரல்ல பைக் ஓட்டினவங்களுக்குத் தெரியும். கறுப்புக் கண்ணாடி அவருக்கு அலங்காரம் இல்லைன்னு அந்த நடையை நினைச்சா புரியும்.

ஆனா அதுக்கு ஒரு விலையும் இருந்துச்சு. பேசுறவர் கண்ணைப் பார்த்துத்தான் நாம நம்புறோம். இவர் கண்ணு தெரியாது. 1937-ல சென்னை மாகாணத்தின் பிரதமரா பொறுப்பேற்றார் (முதலமைச்சருக்கு அப்போ அதுதான் பேர்). அக்டோபர் 1-ல மதுவிலக்கை முதல்ல கொண்டு வந்தது தன்னோட சேலம் மாவட்டத்துலதான். அதே ஆட்சியில பள்ளியில இந்தியைக் கட்டாயமாக்கி, பெரிய போராட்டத்தைச் சந்திச்சார். 1960-களில் அதே மனுஷர் இந்தியைத் திணிக்கக் கூடாதுன்னு சொல்லி, 1967 தேர்தல்ல தி.மு.க-வோட கைகோத்தார். 1942-ல வெள்ளையனே வெளியேறு போராட்டம் வேண்டாம்னு சொல்லி காங்கிரஸை விட்டு விலகி நின்னார். 1948-ல இந்தியாவின் கவர்னர் ஜெனரல், அந்தப் பதவிக்கு வந்த ஒரே இந்தியர். 1952-ல மறுபடி முதலமைச்சர். 1953-ல தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைச்சு, மீதி நேரம் வீட்டுத் தொழிலைக் கத்துக்கணும்னு ஒரு திட்டம். எதிர்ப்பாளர்கள் அதைக் குலக்கல்வின்னாங்க. அந்தப் பேரே நிலைச்சது, 1954-ல பதவியும் போச்சு.

இந்தத் திட்டம் தப்புங்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. அதே சமயம், நிலைமை மாறினப்போ கருத்தை மாத்திக்கிட்ட ஒருத்தரை எல்லாரும் தந்திரக்காரர்னு மட்டும் பார்த்ததுல, அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கும் கொஞ்சம் பங்கு இருக்கும்னு தோணுது. இன்டர்வியூ, பெண் பார்க்கிறது, ஆபீஸ் மீட்டிங் மாதிரி இடங்களுக்குப் போற நீங்க, நிரந்தர டின்ட் போடுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க. அறைக்குள்ள உங்க கண்ணு தெரியணும். ஃபோட்டோகுரோமிக்கோட பெரிய லாபம் எனக்கு இதுதான்.

இப்போ அப்பா விஷயம். 1959-ல ரெண்டு புதுசு வந்துச்சு. இங்கே ராஜாஜி 80 வயசுல சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். பிரான்ஸ்ல பெர்னார்ட் மெத்தனாஸ்ங்கிற இன்ஜினீயர் உருவாக்கின புரோகிரஸிவ் லென்ஸ், வேரிலக்ஸ்ங்கிற பேர்ல விற்பனைக்கு வந்துச்சு. அதுவரைக்கும் வெள்ளெழுத்து வந்தவங்களுக்கு ரெண்டு கண்ணாடி, இல்லைன்னா நடுவுல கோடு தெரியுற பைஃபோகல். நாற்பதைத் தாண்டினதும் கண்ணோட லென்ஸ் விறைச்சுப் போய், கிட்டத்துல இருக்கிறது மங்கும். பஞ்சாங்கத்தைக் கையை நீட்டிப் படிக்கிறதும், வாட்ஸ்அப்பைத் தள்ளிப் பிடிக்கிறதும் அதனாலதான். புரோகிரஸிவ்ல கோடு கிடையாது. மேல் பகுதி தூரத்துக்கு, நடுவுல கம்ப்யூட்டர் தூரத்துக்கு, கீழே படிக்கிறதுக்கு. பவர் கொஞ்சம் கொஞ்சமா மாறும். இதுக்குக் கொடுக்கிற விலை, ஓரங்களில் உருவம் கொஞ்சம் நெளியும். எந்த பிராண்டும் இதுக்குத் தப்ப முடியாது. விலை கூடின டிசைன்ல அந்த நெளிசல் குறைவா இருக்கும், அவ்வளவுதான்.

நிறைய வீட்டுல நடக்கிறது இது. ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்கினது, மூணாம் நாள் அலமாரிக்குப் போயிடும். தலை சுத்துதுன்னு அப்பா பழைய கண்ணாடியைத் தேடுவார். பல நேரம் தப்பு பவர்ல இருக்காது, அளவுல இருக்கும். அதனால கடையில நீங்க பக்கத்துல நில்லுங்க. ரெண்டு கருவிழிக்கும் நடுவுல உள்ள தூரத்தைத் தனித்தனியா அளந்தாங்களா? ஃப்ரேமை முகத்துல மாட்டி, நேரா பார்க்கச் சொல்லி, கருவிழி உயரத்தைப் பேனாவால குறிச்சாங்களா? குறிக்கலைன்னா குறிக்கச் சொல்லுங்க. ஃப்ரேம் ரொம்பக் குட்டையா எடுத்தா படிக்கிற பகுதி வெட்டுப்பட்டுப் போகும். சர்க்கரை இருக்கிறவர்னா, சர்க்கரை ஏறி இறங்கிக்கிட்டு இருக்கிற வாரத்துல டெஸ்ட் எடுக்காதீங்க, பவரே மாறிக் காட்டும். கண்புரை இருந்தா எந்த லென்ஸும் அந்த மங்கலைப் போக்காது, முதல்ல கண் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகு பழைய கண்ணாடியை நீங்க எடுத்து ஒளிச்சு வைங்க. மாத்தி மாத்திப் போட்டா கண்ணு பழகாது. பக்கவாட்டுல பார்க்கணும்னா கண்ணை மட்டும் உருட்டாம தலையைத் திருப்பச் சொல்லுங்க. டிவி முன்னாடி உட்கார வெச்சுப் பழக்கலாம், வண்டி ஓட்டுறது சில நாள் கழிச்சு. பெரும்பாலும் ரெண்டு வாரத்துல சரியாகும். அப்பவும் தலை சுத்தினா கடைக்குப் போய் அந்த அளவுகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்க.

ராஜாஜி 1962-ல, 83 வயசுல, வாஷிங்டன் போய் கென்னடியைச் சந்திச்சு அணுகுண்டு சோதனையை நிறுத்தச் சொன்னார். சக்கரவர்த்தித் திருமகன்னு அவர் தமிழ்ல எழுதின ராமாயணத்துக்கு அதுக்கு முன்னாடியே, 1958-ல, சாகித்ய அகாடமி விருது கிடைச்சிருந்துச்சு. தொண்ணூறைத் தாண்டியும் ஸ்வராஜ்யா பத்திரிகைக்கு எழுதிக்கிட்டே இருந்தார். 1972 டிசம்பர் 25-ல சென்னை அரசு பொது மருத்துவமனையில இறந்தார்.

புதுப்பாளையம் ஆசிரமம் இன்னும் இருக்கு. அப்பாவோட ஒருநாள் போயிட்டு வாங்க. அப்படியே திருச்செங்கோடு மலைக்கும் போறதா இருந்தா ஒரு விஷயம். கோயிலுக்கு ஆயிரத்துக்கும் மேல படி. ஏறும்போது புரோகிரஸிவ் அவ்வளவாப் படுத்தாது. இறங்கும்போதுதான் கண்ணு தன்னால கீழே உள்ள படிக்கிற பகுதி வழியாப் பார்க்கும், படி மங்கும், கால் தப்பும். தாடையை நெஞ்சுப் பக்கமா நல்லா இறக்கி, லென்ஸோட மேல் பகுதி வழியாப் படியைப் பார்க்கணும். முதல் ரெண்டு வாரம் அந்தப் படிக்கே போக வேண்டாம். மலைமேல வரைக்கும் தார் ரோடு இருக்கு, வண்டியிலயே கூட்டிட்டுப் போங்க.