உழைப்பாளியின் உடை தந்த லெவி ஸ்ட்ராஸ்

உடைகள் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆயினும் கல்லூரி வாயில், பேருந்து நிலையம், வயல்வெளி, திரைப்படம் என எங்கு நோக்கினும் காணப்படும் உடை ஒன்று உண்டென்றால், அது நீல நிற ஜீன்ஸ்தான். அதன் இடுப்புப் பட்டையில் லெவி என்ற பெயர் பொறித்திருப்பதை நம்மில் பலர் பார்த்திருப்போம். அது வெறும் வணிகப் பெயரன்று. லெவி ஸ்ட்ராஸ் என்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

அவரைப் பற்றிப் பரவலாக வழங்கும் கதை ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுவோம். கலிபோர்னியாவில் தங்கம் தோண்ட வந்தவர்களிடம் கூடாரத் துணி விற்கச் சென்றாராம், கூடாரம் விலைபோகவில்லையாம், உடனே அத்துணியைக் கால்சட்டையாகத் தைத்து விற்றுச் செல்வரானாராம். கேட்பதற்குச் சுவையான கதைதான். ஆனால் அது உண்மையன்று என்று அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் ஆவணக் காப்பகமே கூறிவிட்டது. உண்மை வரலாற்றில் இன்னொரு மனிதரும் வருகிறார். அவர் ஓர் ஏழைத் தையற்காரர். கூடாரக் கதையைச் சொல்பவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள் என்பதே நமது வருத்தம்.

லெவி 1829-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் ஜெர்மனியின் பவேரியாவிலுள்ள புட்டன்ஹைம் என்ற சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் லோப். தந்தை ஹிர்ஷ் ஸ்ட்ராஸ் துணிமணிகளை ஊர் ஊராகச் சுமந்து விற்றவர், தாய் ரெபேக்காள். அவர்கள் யூதர்கள். அக்காலப் பவேரியாவில் ஓர் ஊரில் இத்தனை யூதக் குடும்பங்களே வாழலாம் என்று சட்டம் வரம்பு கட்டியிருந்தது. திருமணம் செய்துகொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். தந்தை 1846-இல் காசநோயால் இறந்தார். மறு ஆண்டே கைம்பெண்ணான தாய், லெவியையும் பெண்மக்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு கப்பலேறி நியூயார்க் சென்றார். தந்தையின் முதல் தாரத்து மக்களான ஜோனாஸும் லூயிஸும் அங்கே முன்பே ஜவுளி வியாபாரம் நடத்திவந்தனர். பதினெட்டு வயதில் லெவி அவர்களிடம் தொழில் பயின்றார்.

1848-இல் கலிபோர்னியாவில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. உலகின் நான்கு திசையிலிருந்தும் மக்கள் அங்கே ஓடினர். லெவியும் 1853-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பனாமா வழியாக அவ்வாண்டு மார்ச் மாதம் சான்பிரான்சிஸ்கோ வந்து சேர்ந்தார். ஆனால் அவர் மண்வெட்டி எடுக்கவில்லை. அண்ணன்மார் நியூயார்க்கிலிருந்து கப்பலில் அனுப்பும் துணி, போர்வை, உள்ளாடை, கைக்குட்டை முதலியவற்றை இறக்கி, உள்நாட்டுச் சிறு கடைக்காரர்களுக்கு மொத்தமாக விற்றார். சகோதரி ஃபேனியின் கணவர் டேவிட் ஸ்டெர்ன் கூட்டாளியாகச் சேர்ந்தார். இருபதாண்டுக் காலம் இப்படியே கழிந்தது. வியாபாரம் வளர்ந்தது, சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயரும் வளர்ந்தது.

இனி அத்தையற்காரரைக் காண்போம். அவர் பெயர் ஜேக்கப் டேவிஸ். ரஷ்யப் பேரரசின் ரீகா நகரில் பிறந்து, பிழைப்பைத் தேடி அமெரிக்கா வந்து, பல தொழில் செய்து பார்த்து, இறுதியில் நெவாடா மாநிலத்தின் ரீனோ என்ற சிற்றூரில் கடை வைத்திருந்தார். கூடாரம், வண்டி மூடும் துணி, குதிரைப் போர்வை ஆகியவற்றைத் தைப்பதே அவர் தொழில். அவற்றுக்குரிய முரட்டுத் துணியை லெவியின் கடையிலிருந்தே வாங்கிவந்தார்.

1870-ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு விறகுவெட்டியின் மனைவி அவர் கடைக்கு வந்தாள். கணவனுக்கு எந்தக் கால்சட்டையும் நிலைப்பதில்லை. எளிதில் கிழியாததாக ஒன்று தைத்துத் தர வேண்டும் என்று கேட்டு மூன்று டாலரை முன்பணமாகக் கொடுத்தாள். டேவிஸ் வெள்ளை முரட்டுத் துணியில் தைத்து முடித்தார். உழைப்பாளியின் கால்சட்டையில் முதலில் கிழிவது எது? பையின் ஓரந்தான். கருவிகளையும் கற்களையும் திணிக்கத் திணிக்கத் தையல் பிரியும். குதிரைப் போர்வையில் வார் பொருத்துவதற்கென வைத்திருந்த செப்பு ரிவிட்டுகள் அவர் மேசைமேல் கிடந்தன. அவற்றில் சிலவற்றை எடுத்துப் பைகளின் மூலையில் அடித்து இறுக்கினார். அவ்வளவுதான்! விறகுவெட்டியின் கால்சட்டை கிழியவில்லை. செய்தி வாய்வழியே பரவியது. ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ இருநூறு கால்சட்டைகள் விற்றுவிட்டன.

பிறர் இதைப் பார்த்துச் செய்துவிடுவார்களே என்ற கவலை டேவிஸுக்கு வந்தது. காப்புரிமை பெற 68 டாலர் கட்ட வேண்டும். முன்னர் அவர் கண்டுபிடிப்பு, காப்புரிமை என்று செலவு செய்து பயன் காணாதவர். இனி ஒரு காசும் இதில் போடக்கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குடும்பத்தைக் கட்டிக்காக்கும் பெண் வேறென்ன சொல்வாள்! டேவிஸுக்கு ஆங்கிலம் எழுதவும் அவ்வளவாக வராது. எனவே 1872-இல், ஊரிலுள்ள மருந்துக்கடைக்காரர் உதவியுடன் லெவிக்கு ஒரு கடிதம் எழுதினார். தாம் தைத்த கால்சட்டைகள் இரண்டையும் மாதிரிக்கு அனுப்பினார். செலவை நீங்கள் ஏற்றுக் காப்புரிமை வாங்குங்கள். பயனைப் பங்கிட்டுக்கொள்வோம் என்பதே கடிதத்தின் சாரம்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். பெரிய மொத்த வியாபாரி ஒருவருக்கு, எங்கோ மலையடிவாரத்தில் இருக்கும் வாடிக்கைக்காரர், கண்டுபிடிப்பின் முழு இரகசியத்தையும் மாதிரியோடு அனுப்பிவிட்டார். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ரிவிட்டை மட்டும் எடுத்துக்கொள்ள எத்தனையோ பேர் துணிந்திருப்பார்கள். லெவி அப்படிச் செய்யவில்லை. கட்டணத்தைச் செலுத்தினார். அலுவலகத்தார் உடனே ஒப்பவில்லை. விண்ணப்பத்தைத் திருத்தித் திருத்தி அனுப்ப நேர்ந்தது. 1873-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் 139,121 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர் ஜேக்கப் டேவிஸ் என்றே அதில் எழுதப்பட்டிருக்கிறது. உரிமை டேவிஸுக்கும் லெவியின் நிறுவனத்துக்கும் பொதுவானது. டேவிஸ் குடும்பத்துடன் சான்பிரான்சிஸ்கோவுக்கு வந்து தையற்சாலையின் மேற்பார்வையை ஏற்றார். லெவியின் வாழ்க்கையில் நாம் மிகவும் மதிப்பது இச்செயலையே.

அக்காலத்தில் அதற்கு ஜீன்ஸ் என்ற பெயர் இல்லை. உழைப்பாளர் அணியும் மேற்சட்டைக் காப்பு என்ற பொருளில் ஓவரால்ஸ் என்றே அழைத்தனர். சுரங்கத் தொழிலாளர், மாடு மேய்ப்போர், இருப்புப்பாதை போடுவோர் வாங்கினர். டெனிம் துணி நியூஹாம்ஷயர் மாநிலத்தின் அமோஸ்கெக் ஆலையில் நெய்யப்பட்டு வந்தது. முதலில் பின்பை ஒன்றே இருந்தது. இரண்டாவது 1901-இல் சேர்ந்தது. இன்று பலர் அறிந்த 501 என்ற எண் 1890-ஐ ஒட்டி இடப்பட்டது. பெண்களுக்கென்று தனியே தைக்க அந்நிறுவனத்துக்கு 1934 வரை மனம் வரவில்லை!

டெனிம் துணியின் தன்மையைச் சற்று விளக்க வேண்டும். அதில் பாவு நூல் மட்டும் நீலச்சாயத்தில் தோய்ந்தது; ஊடை நூல் வெள்ளை. ஆகையால்தான் மேற்புறம் நீலமாகவும் உட்புறம் வெளுப்பாகவும் இருக்கிறது. அந்த நீலத்துக்கு மூலமான செடியை நாம் அவுரி என்கிறோம். பிற்காலத்தில் ஜெர்மானிய வேதியியலார் அதே சாயத்தைச் செடியின்றிச் செய்ய வழி கண்டு, 1897 முதல் விற்பனைக்கு அனுப்பினர். இச்சாயம் நீரில் கரையாது. தொட்டியில் பச்சை மஞ்சளாக இருக்கும்போது நூலைத் தோய்த்துக் காற்றில் எடுத்தால் கண்ணெதிரே நீலமாக மாறும். ஆனால் அது நூலின் நடுப்பகுதி வரை செல்லாது; மேலே படிந்து நிற்கும். உரசும் இடத்தில் சிறிது சிறிதாக உதிர, உள்ளே உள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும்.

நமது சீருடைப் பாவாடை மடிப்போரத்தில் வெளுத்தால் அம்மா முகம் சுளிப்பார். சாயம் போகாதே என்று கடைக்காரரிடம் நூறு முறை கேட்டே துணி எடுக்கும் நாடு நமது. டெனிமில் நிலைமை தலைகீழ். தறியிலிருந்து வந்தபடியே, கஞ்சிப் பசை நீங்காமல், ஒருமுறையும் நனையாமல் தைத்த கால்சட்டையைக் கச்சா டெனிம் என்கிறார்கள். அது முதலில் அட்டை போல விறைத்திருக்கும். முன்கூட்டிச் சுருக்கப்படாததாயின், முதல் நீரில் இரண்டு மூன்று அங்குலங்கூடச் சுருங்கும். உடுத்த உடுத்த உடல் வாகுக்கு இணங்கி, தொடையிலும் முழங்காலின் பின்புறத்திலும் அவரவர் நடை, அமர்வு, வேலை ஆகியவற்றுக்கேற்ப வெள்ளைக் கோடுகள் விழும். ஒருவரது கோடு இன்னொருவரதைப் போல் இராது. இதை விரும்புவோர் மாதக் கணக்கில் துவைப்பதில்லையாம்! கனடாவின் ஆல்பெர்ட்டா பல்கலைக்கழக மாணவர் ஒருவர் பதினைந்து மாதம் துவைக்காமல் அணிந்தார்; 2011-இல் அதைச் சோதித்தபோது, துவைத்துப் பதின்மூன்று நாள் அணிந்தபின் இருந்த கிருமிகளின் அளவே அதிலும் இருந்தது. இச்செய்தியை விடுதித் தோழியர் யாரும் சிஸ்டரிடம் எடுத்துச் சொல்லித் தப்பிக்க முயல வேண்டாம். துவைக்கும் முறை எளிது: உட்புறத்தை வெளியே திருப்பி, தண்ணீரில் தனியாக அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். வெள்ளைச் சீருடையுடன் ஒரே வாளியில் ஊறப்போட்டால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த வெளுப்பின் மேல் கொண்ட மோகம் துன்பத்தையும் விளைத்தது. உழைத்துப் பெற்ற வெளுப்பைப் புதிதாகவே விலைக்குத் தர வேண்டும் என்று தொழிற்சாலைகள் முனைந்தன. துருக்கி நாட்டில் மணலைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி ஜீன்ஸை வெளுக்கச் செய்த இளைஞர்கள் பலர் அத்தூசியைச் சுவாசித்துச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயால் மாண்டனர். 2009-இல் அந்நாடு அம்முறையைத் தடை செய்தது. லெவியின் பெயர் தாங்கிய நிறுவனம் 2010-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது.

லெவியின் காலத்துக் குறை ஒன்றையும் மறைக்கலாகாது. 1880-களில் கலிபோர்னியாவில் சீனத் தொழிலாளர்மேல் வெறுப்பு மூண்டிருந்தது. 1882-இல் சீனர் குடியேற்றத்தைத் தடுக்கும் சட்டமும் வந்தது. அப்போது லெவியின் நிறுவனமும் தன் உடைகள் வெள்ளையர் உழைப்பால் மட்டுமே ஆனவை என்று பெருமையாக விளம்பரம் செய்தது. கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றில் கிடைத்த அக்காலத்துக் கால்சட்டை 2022-இல் எழுபதாயிரம் டாலருக்கு மேல் ஏலம் போனது. அதன் மேல் தொழிலாளி பிடித்திருந்த மெழுகுவர்த்தியின் துளிகள் உறைந்திருந்தன. உட்பையில் அந்த வாசகம் அச்சாகியிருந்தது. குடியுரிமை மறுக்கப்பட்ட இனத்தில் பிறந்து கடல் கடந்து வந்த ஒருவரின் நிறுவனம் இதைச் செய்தது நமக்கு வியப்பையும் வேதனையையும் தருகிறது.

லெவி மணம் புரியவில்லை. சகோதரி ஃபேனியின் குடும்பத்துடனேயே வாழ்ந்தார். மைத்துனர் 1874-இல் இறந்தபின் அவர் புதல்வர்களைத் தொழிலில் பழக்கினார். கிடைத்துள்ள படங்களில் அவர் கறுப்புக் கோட்டு அணிந்த கனவானாகவே காட்சி தருகிறார். தாம் விற்ற நீலக் கால்சட்டையை அவர் உடுத்தியதற்குச் சான்று எதுவும் இல்லை. 1897-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் 28 மாணவர்க்கு உதவித்தொகை கிடைக்க வழி செய்தார்.

1902-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் இரவு, தம் 73-ஆம் வயதில், இல்லத்தில் அமைதியாக உயிர் நீத்தார். அடக்கத்தன்று நகரின் வணிகர்கள் பலர் கடைகளை மூடினர். சொத்தின் பெரும்பகுதி சகோதரியின் மக்களுக்குச் சென்றது. யூத அநாதை இல்லத்துக்கும் முதியோர் இல்லத்துக்கும் உயில் எழுதியிருந்த அவர், கத்தோலிக்க அநாதை இல்லத்துக்கும் புராட்டஸ்டண்டு அநாதை இல்லத்துக்கும் மறவாமல் பங்கு வைத்திருந்தார். தாயோடும் சகோதரிகளோடும் அயல்நாட்டில் வந்திறங்கிய தந்தையற்ற பையனின் நினைவு அவரை விட்டு நீங்கவில்லை போலும்.

நான்காண்டு கழித்து, 1906 ஏப்ரல் 18-ஆம் நாள், சான்பிரான்சிஸ்கோவைப் பெரும் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் அழித்தன. லெவியின் கடையும் தொழிற்சாலையும் கணக்கேடுகளும் கடிதங்களும் சாம்பலாயின. கூடாரக் கதை போன்றவை முளைத்துப் பரவ இதுவே இடம் தந்தது. சகோதரியின் மக்கள் ஊழியர்க்குச் சம்பளத்தை நிறுத்தாமல் தந்தனர். அவ்வாண்டே வாலென்சியா தெருவில் புதிய தொழிற்சாலை எழும்பியது. ஜேக்கப் டேவிஸ் அதைக் கண்ணாரக் கண்டு 1908-இல் காலமானார். அங்கே தையல் இயந்திரங்கள் 2002 வரை ஓடின.