டைனோசர் பொம்மைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்... கடைசியில் சுத்தியலால் நொறுக்கப்பட்ட கனவு! யார் இந்த வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ்?

பழைய டைனோசர் பொம்மைகளைத் தேடித்தேடி வாங்கும் ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் 1950களில் விற்ற பிளாஸ்டிக் டைனோசர்கள், 1964 நியூயார்க் உலகக் கண்காட்சியில் இயந்திரத்தில் காசு போட்டால் சுடச்சுட வந்து விழுந்த சின்க்ளேர் டைனோசர்கள், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக 1970களில் இருந்து இன்விக்டா நிறுவனம் செய்து கொடுத்த ஒற்றை நிற டைனோசர்கள்... இவற்றுக்கெல்லாம் இன்றும் போட்டி போட்டு விலை கொடுக்கிறார்கள்.

ஆனா, இதெல்லாம் நேற்று வந்தது. காசு கொடுத்து ஒரு குட்டி டைனோசரை வாங்கி வீட்டு அலமாரியில் வைக்கும் பழக்கம் 1850களிலேயே லண்டனில் தொடங்கிவிட்டது. அதற்குக் காரணமானவர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். டைனோசர் என்றால் என்னவென்றே மக்களுக்குத் தெரியாத காலத்தில் அதற்கு உடம்பும் தோலும் கொடுத்த சிற்பி.

யார் இவர்?

1807 பிப்ரவரி 8ஆம் தேதி லண்டனில் பிறந்தவர் ஹாக்கின்ஸ். வில்லியம் பென்ஸ் என்ற சிற்பியிடம் தொழில் கற்றார். மனித முகங்களை விட விலங்குகள்தான் அவருக்கு நன்றாகக் கை வந்தன. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பலில் போய் வந்து வெளியிட்ட விலங்கியல் தொகுதிகளில் மீன்கள், ஊர்வன பகுதிகளுக்குப் படம் வரைந்தவர் இவர்தான். 1840களில் டெர்பி பிரபுவின் நோஸ்லி மாளிகையில் இருந்த விலங்குக் காட்சியகத்துக்குப் போய், அங்கிருந்த உயிரினங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். தசை எப்படி இழுக்கும், தோல் எங்கே மடியும், ஒரு மிருகம் நிற்கும்போது எடை எந்தக் காலில் இறங்கும் என்பதெல்லாம் அங்கே படிந்த பாடம்.

1851ல் லண்டன் ஹைட் பார்க்கில் மாபெரும் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டப்பட்ட கண்ணாடி மாளிகைதான் கிரிஸ்டல் பேலஸ். கண்காட்சி முடிந்ததும் அந்த மாளிகையை அப்படியே பிரித்து, தெற்கு லண்டனில் உள்ள சிடன்ஹாமில் மீண்டும் எழுப்பினார்கள். சுற்றியுள்ள பூங்காவில் அழிந்துபோன விலங்குகளை நிஜ அளவில் நிறுத்த வேண்டும் என்று ஒரு யோசனை. முதலில் அழைக்கப்பட்டவர், இகுவானோடானை உலகுக்குச் சொன்ன மருத்துவர் கிடியோன் மாண்டெல். உடல்நிலை காரணமாக அவர் ஒதுங்கிக்கொண்டார். 1852 செப்டம்பரில் வேலை ஹாக்கின்ஸ் கைக்கு வந்தது. அறிவியல் ஆலோசகர், ரிச்சர்ட் ஓவன். டைனோசர் என்ற பெயரையே 1842ல் உருவாக்கியவர் அவர்.

ஒரு டைனோசரா... ஒரு வீடா?

கையில் இருந்தது என்ன? சில பற்கள், சில எலும்புத் துண்டுகள், அவ்வளவுதான். முழு எலும்புக்கூடு என்று எந்த டைனோசருக்கும் அப்போது கிடையாது. ஹாக்கின்ஸ் முதலில் கிடைத்த எலும்புகளை அளந்து, ஆறில் ஒரு பங்கு அல்லது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் சின்ன மாதிரி செய்வார். அதை ஓவனிடம் காட்டித் திருத்தம் கேட்பார். பிறகு அதே உருவத்தை நிஜ அளவில் களிமண்ணில் எழுப்புவார். சில உருவங்களுக்கு மட்டும் 30 டன் களிமண் தேவைப்பட்டது. அத்தனையும் நான்கு கால்களில் நிற்க வேண்டும். மரமோ பாறையோ முட்டுக்கொடுத்து ஏமாற்ற அவர் விரும்பவில்லை.

களிமண்ணில் இருந்து அச்சு எடுத்து, பிறகு அச்சில் இருந்து சிமெண்ட் உருவம். ஒரு இகுவானோடானுக்கு 9 அடி உயர இரும்புத் தூண்கள் நான்கு, செங்கல் 600, வடிகால் ஓடு 650, சாதா ஓடு 900, சிமெண்ட் 38 பீப்பாய், உடைத்த கல் 90 பீப்பாய் செலவானது. 1854ல் கலைச் சங்கத்தில் பேசியபோது இந்தக் கணக்கை அவரே அடுக்கினார். கேட்டால் மேஸ்திரி ஒருவர் வீட்டு எஸ்டிமேட் வாசிப்பது போலத்தான் இருக்கும். உண்மையில் அது நான்கு தூண் மேல் கட்டிய ஒரு சின்ன வீடுதான்.

விளம்பரத்திலும் ஆள் கில்லாடி. 1853 டிசம்பர் 31ஆம் தேதி இரவு, இகுவானோடான் அச்சுக்குள்ளேயே மேசை போட்டு விருந்து வைத்தார். டெரோடாக்டைல் இறக்கையில் எழுதியது போல அழைப்பிதழ் தயாரானது. விருந்தினர்கள் 21 பேர். டைனோசரின் தலைப்பகுதியில் ஓவன் உட்கார்ந்தார். நள்ளிரவு தாண்டியும் பாட்டும் கூச்சலும் ஓயவில்லை. சில நாட்களில் அந்தக் காட்சி பத்திரிகையில் படமாக வந்தது. இன்றைய மொழியில் சொன்னால்... வைரல்!

1854 ஜூன் 10ஆம் தேதி விக்டோரியா அரசி கிரிஸ்டல் பேலஸைத் திறந்து வைத்தார். கூட்டம் அலைமோதியது. ஆனால் அடுத்த ஆண்டே நிறுவனம் பணத்தை நிறுத்திவிட்டது. திட்டமிட்டிருந்த மாமூத் உள்ளிட்ட சில விலங்குகள் பாதியிலேயே நின்றன.

அலமாரிக்கு வந்த டைனோசர்

பூங்காவுக்கு வர முடியாதவர்கள் என்ன செய்வது? இங்கேதான் பொம்மைக் கதை வருகிறது. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில், ஹாக்கின்ஸின் சின்ன உருவங்கள் விற்பனைக்கு வந்தன. இகுவானோடான், மெகலோசரஸ், கடல்வாழ் ஊர்வன என்று ஒரு தொகுப்பு. லண்டன் ஸ்ட்ராண்ட் வீதியில் கனிமங்களும் புதைபடிவங்களும் விற்ற ஜேம்ஸ் டெனன்ட் கடையில் இவை கிடைத்தன. 1860களில் அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத்தின் ஹென்றி வார்ட் தனது விற்பனைப் பட்டியலில் இவற்றைச் சேர்த்தார்.

குழந்தைகள் உருட்டி விளையாடும் சாமான் இல்லை இது. பிளாஸ்டர் உருவம்; கீழே விழுந்தால் அவ்வளவுதான். பள்ளிக்கூடம், கல்லூரி, அருங்காட்சியகம், வசதியான வீடு, இவைதான் வாங்கின. ஆனாலும் தொகுப்பாக வாங்குவது, வரிசையாக அடுக்குவது, ஒரே அளவுக் கணக்கில் எல்லாம் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, அருங்காட்சியக முத்திரையை நம்புவது என்று இன்றைய சேகரிப்பாளர்களின் அத்தனை குணமும் அன்றே ஆரம்பமாகிவிட்டது.

இன்னொரு குணமும் உண்டு. தவறான டைனோசர் மீது பாசம். ஹாக்கின்ஸின் இகுவானோடான் மூக்கின் மேல் காண்டாமிருகம் போல ஒரு கொம்பு இருக்கும். 1878ல் பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபோதுதான் தெரிந்தது, அது மூக்குக் கொம்பே இல்லை, கட்டைவிரல் முள் என்று! வாலைத் தரையில் இழுத்தபடி நிற்கும் 1950களின் பிளாஸ்டிக் டைனோசர்களும் இன்றைய அறிவியல்படி தப்புதான். சேகரிப்பவர்களுக்கு அந்தத் தப்புதான் அழகு. அது எந்தக் காலத்துப் பொம்மை என்பதை அந்தத் தப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

அமெரிக்கா போனார்... அங்கேதான் அடி!

1868ல் ஹாக்கின்ஸ் அமெரிக்கா போனார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பேலியோசோயிக் மியூசியம் என்ற பெயரில் அமெரிக்காவின் அழிந்துபோன விலங்குகளுக்கென்றே கண்ணாடிக் கூரையுடன் ஒரு கட்டடம் கட்ட நிர்வாகம் அவரை அமர்த்தியது. அந்த வேலைக்காக எலும்புகளை ஆராயப் பிலடெல்பியா சென்றவர், ஜோசப் லெய்டி, எட்வர்ட் கோப் ஆகியோருடன் சேர்ந்து ஹாட்ரோசரஸ் எலும்புக்கூட்டை நிமிர்த்தி நிறுத்தினார். உலகத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு நிறுத்தப்பட்ட முதல் டைனோசர் எலும்புக்கூடு அதுதான். மண்டை ஓடு கிடைக்கவில்லை. பல்லி இனத்தைச் சேர்ந்த இகுவானாவைப் பார்த்து ஒன்று செய்து மாட்டினார். பார்க்க வந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் அந்த நிறுவனம் நுழைவுக் கட்டணமே விதிக்க வேண்டியதாயிற்று.

நியூயார்க்கில் நிலைமை வேறு. 1870ல் பாஸ் ட்வீட் என்ற அரசியல் புள்ளியின் கோஷ்டி நகர நிர்வாகத்தைக் கைப்பற்றியது. அஸ்திவாரம் தோண்டியிருந்த அருங்காட்சியகத் திட்டம் அந்த ஆண்டு இறுதியில் ரத்து. ஹாக்கின்ஸ் விடாமல் உருவங்களைச் செய்துகொண்டே இருந்தார்.

1871 மே 3ஆம் தேதி. அவரது பட்டறைக்குள் ஆட்கள் சுத்தியலோடு நுழைந்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான உழைப்பு, கண் மூடித் திறப்பதற்குள் துண்டுதுண்டானது. அதோடு விடவில்லை. பிறகு அச்சுகளும் சின்ன மாதிரி உருவங்களும்கூட உடைக்கப்பட்டன. பெரிய உருவம் உடைந்தால் அச்சை வைத்து மறுபடி செய்யலாம். அச்சு போனால் எதை வைத்துச் செய்வது? லண்டன் டைனோசர்கள் அலமாரிக்கு வந்தது போல அமெரிக்க டைனோசர்கள் வராமல் போனதற்கு இதுதான் பெரிய காரணமாக இருக்க வேண்டும்.

யார் உடைக்கச் சொன்னது? நூறாண்டுக்கு மேலாகப் பழி ட்வீட் தலையில்தான் இருந்தது. திட்டம் ரத்தானதை ஹாக்கின்ஸ் வெளிப்படையாகக் கண்டித்ததால் அவர் பழிவாங்கினார் என்றே எழுதினார்கள். ஆனால் 2023ல் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய நிர்வாகக் குறிப்புகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு வேறு பெயர் சொன்னார்கள்: பூங்கா நிர்வாகத்தின் பொருளாளராக இருந்த ஹென்றி ஹில்டன். வெண்கலச் சிலைக்கும் திமிங்கல எலும்புக்கும் வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொன்ன மனிதர் அவர். இந்தத் தகவலைக் கேட்ட பிறகு, புதிய முடிவை நம்புவது அவ்வளவு கஷ்டமாக இல்லை.

இரண்டு குடும்பம், ஒரு ரகசியம்

அதன் பிறகு பிரின்ஸ்டனில் பண்டைய உலகத்தைக் காட்டும் ஓவியங்களை வரைந்தார். சொந்த வாழ்க்கையிலும் ஒரு வெடி காத்திருந்தது. 1826ல் மேரி கிரீன் என்பவரைத் திருமணம் செய்தவர், அவர் உயிரோடு இருக்கும்போதே 1836ல் லூயிசா கீனன் என்ற ஓவியரையும் மணந்திருந்தார். பல பத்தாண்டுகள் மறைத்த விஷயம் 1870களில் வெளியே வந்து, லூயிசா அவரைவிட்டு விலகினார். மேரி 1880ல் இறந்த பிறகு, 1883ல் லூயிசாவையே சட்டப்படி மறுபடி மணந்தார் ஹாக்கின்ஸ். ஓராண்டுக்குள் லூயிசாவும் காலமானார். இரண்டு பெண்களுக்கும் அவர் செய்தது நியாயம் என்று யாரும் சொல்ல முடியாது.

1889ல் பக்கவாதம் தாக்கியது. இறந்துவிட்டார் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் 1894 ஜனவரி 27ஆம் தேதிதான் உயிர் பிரிந்தது.

1936 நவம்பர் 30ஆம் தேதி இரவு கிரிஸ்டல் பேலஸ் எரிந்து சாம்பலானது. கீழே பூங்காவில் நின்ற டைனோசர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2007ல் அவை பிரிட்டனின் மிக உயர்ந்த முதல் நிலைப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. 2020ல் விரிசல் காரணமாக, ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் சேர்ந்தன. மூக்கில் கொம்போடு இகுவானோடான் இன்னமும் அங்கே நிற்கிறது. யாரும் அதைத் திருத்தவில்லை.