முன்வரிசையின் மணல்தரை

கட்டண நாடகத்தில் முன்வரிசை செல்வர்க்கு உரியது. நடிகரின் முகம் தெளிவாகத் தெரியும் இடத்திற்கே விலை அதிகம். சினிமாக் கொட்டகையோ இம்முறையைத் தலைகீழாக்கிற்று. திரையருகே அமர்ந்தால் கழுத்து வலிக்கும், கண் கூசும். ஆதலால் அங்கே மணல்தரை. அதற்கே மிகக் குறைந்த கட்டணம். அதன் பின்னே பெஞ்சு; அதற்கும் பின்னே நாற்காலி. காசு கொடுத்துப் பார்க்கும் அரங்கில் ஏழைக்கு முன்னிடம் கிடைத்தது இவ்வாறுதான். அத்தகைய கூடாரக் கொட்டகையைத் தென்னகத்தில் தொடங்கி வைத்த முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட்.

1883இல் கோவையில் பிறந்த அவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றினார். ஊர் ஊராகப் படம் காட்டி வந்த டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர், 1905இல் உடல்நலம் குன்றித் தாயகம் திரும்ப எண்ணினார். அவருடைய கருவியையும் படச்சுருள்களையும் ஏறத்தாழ 2,000 ரூபாய்க்கு வின்சென்ட் வாங்கினார். மாதச் சம்பளக்காரருக்கு அது பெருந்தொகை. வேலையைத் துறந்தார், கூடாரம் அடித்தார். ஏசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படம் அவரிடமிருந்த சுருள்களுள் ஒன்று. திருச்சியில் தொடங்கிய பயணம் வடமேற்கே பெஷாவர் வரை நீண்டது.

அது பேசாப் படங்களின் காலம். திரையில் எழுத்துக்கள் தோன்றும்போது, படிக்கத் தெரியாதவர்க்காக ஒருவர் உரக்கச் சொல்லுவது அக்காலக் கொட்டகைகளின் வழக்கம். தரையில் அமர்ந்தவர்க்குக் கதை ஒரு மனிதக் குரலாகவே வந்து சேர்ந்தது.

1914இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கை வின்சென்ட் எழுப்பினார். அது நின்ற சாலையும் அதன் பெயரையே பெற்றது. 1933இல் கல்கத்தாவின் பயனியர் நிறுவனத்துடன் இணைந்து, டி.பி. ராஜலட்சுமி நடித்த வள்ளி திருமணம் என்னும் பேசும் படத்தை உருவாக்கினார். 1942இல் மறைந்தார்.

அவர் வணிகர். தரைச்சீட்டு என்பதும் கருணையில் பிறந்ததன்று; சில்லறைக் காசையும் இழக்க விரும்பாத வணிகக் கணக்கில் பிறந்தது. ஆயினும், கையில் ஓரணாவே உடையவனும் திரைக்கு மிக அருகில் அமர்ந்தான்.

கோவில்பதாகையில் பத்தாண்டுகள் கூடிக் கவிதை பேசிய நாம் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நம் கூட்டங்களில் முன்வரிசை சிறப்பு விருந்தினர்க்கென ஒதுக்கப்படுகிறது. ஆலைப்பணி முடித்து நேரே வரும் தொழிலாளி கதவோரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்புகிறார். வணிகக் கணக்கு அளித்த இடத்தைக் கவிதை மறுக்கலாகாது. பதினோராம் ஆண்டில் முன்வரிசையை அவருக்கு விடுவோம்.