பி. யு. சின்னப்பாவும் உத்தமபுத்திரன் உறவு முறையும்

வெள்ளித்திரையில் இன்று கணவனும் மனைவியுமாய்த் தோன்றியோர் நாளை தாயும் மகனுமாய் வருதல் புதுமையன்று. எனினும், புதுக்கோட்டை பி. யு. சின்னப்பாவின் சரித்திரத்தைப் படிப்போர், அவ்வுறவுகளிற் பல உத்தமபுத்திரன் என்னும் ஒரே கதையைச் சுற்றிப் பின்னிக் கிடத்தலைக் கண்டு நகையாதிரார்.

சின்னப்பா 1916-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி பிறந்தார். இயற்பெயர் சின்னசாமி. தந்தையார் உலகநாத பிள்ளை நாடக நடிகராதலின், பிள்ளையும் இளமையிலேயே மேடையேறலாயிற்று. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பாடியும் நடித்தும் பெயர் பெற்றார். பின்னாளில் தமிழ்நாட்டின் முதலமைச்சராக விளங்கிய எம். ஜி. இராமச்சந்திரனும் அக்கம்பெனியில் வளர்ந்தவரே. 1936-இல் சந்திரகாந்தா என்னும் படத்தில் சின்னப்பா திரைக்கு வந்தார். அடுத்து வந்த படங்கள் சிலவற்றால் அவர் நிலை உயரவில்லை. வாய்ப்புகள் குன்றின. நன்றாகப் பாடவும் சிலம்பம் சுழற்றவும் வல்ல இளைஞர், செய்வதற்குத் தொழிலின்றி இருந்தார்.

அந்நிலையில் அவரை அழைத்தவர் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி. ஆர். சுந்தரம். இவர் நமக்கு அயலூராகிய திருச்செங்கோட்டினர். முள்ளுக்குறிச்சியிலிருந்து சேலம் சென்று ஏற்காடு சாலையில் நடந்தோர், மறைந்த அந்த ஸ்டூடியோவின் முகப்பு வளைவைக் கண்டிருப்பர். அங்கேதான் 1940-இல் உத்தமபுத்திரன் உருவாயிற்று. இரும்பு முகமூடி இட்டுச் சிறையிலடைக்கப்பட்ட அரச குமாரனைப் பற்றிய பிரெஞ்சு நாவலே அதற்கு மூலம். முந்திய ஆண்டில் ஹாலிவுட்டிலும் அக்கதை படமாகியிருந்தது. நல்லவன் ஒருவன், தீயவன் ஒருவன், இரட்டையராகிய இவ்விருவரும் சின்னப்பாவே.

இத்தகைய காட்சிகளை அக்காலத்தில் எடுத்த முறை பொறுமையைச் சோதிப்பது. காமிராவின் பார்வையில் ஒரு பாதியை மறைத்து நடிகரை ஒரு புறம் நடிக்க வைப்பர். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியில் அவரையே வேற்றுடையில் நடிக்க வைப்பர். எதிரே ஆளில்லா வெளியை நோக்கித் தம்பியிடம் சினந்து, பின் அவ்வெளிக்கே அண்ணனாய் மறுமொழி கூறுதல் வேண்டும். சின்னப்பா இதில் வெற்றி பெற்றார். கைவிட்டுப் போகவிருந்த வாழ்வு இரு மடங்காய் மீண்டது என்னலாம்.

அப்படத்தின் கதாநாயகி எம். வி. ராஜம்மா. 1958-இல் அக்கதை மறுபடியும் படமாகியபோது இரட்டை வேடம் சிவாஜி கணேசனுக்கு வந்தது. பழைய உத்தமபுத்திரனின் காதலியான ராஜம்மா, 1964-இல் கர்ணன் படத்தில் குந்தியாகி, இப்புதிய உத்தமபுத்திரனுக்குத் தாயானார்! 1958-ஆம் ஆண்டுப் படத்திலோ அரசியாய் வந்த அன்னை பி. கண்ணாம்பா. இவர் 1942-இல் கண்ணகியாய் நடித்தபோது கோவலன் யார்? சின்னப்பாவே. அரசராய் வந்தவர் எம். கே. ராதா, அவரும் 1949-இல் அபூர்வ சகோதரர்கள் படத்தில் தாமே இரட்டையராய் நடித்தவர். ஆக, இரட்டையர்க்குத் தந்தையாகும் தகுதி அவருக்கு முன்னமே இருந்தது போலும்! பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த எம்.ஜி.ஆரும் அதே 1958-இல் நாடோடி மன்னனில் இரு வேடம் பூண்டார்.

திரையுறவு ஒன்று மட்டும் வாழ்வுறவாயிற்று. 1942-இல் வந்த பிருதிவிராஜனில் சின்னப்பாவுடன் நடித்த ஏ. சகுந்தலாவை அவர் 1944-இல் மெய்யாகவே மணந்தார். அவ்வாண்டு வெளிவந்த ஜகதலப்பிரதாபனில், பாடுவோரும் பக்கவாத்தியக்காரருமாய் ஒரே மேடையில் ஐந்து சின்னப்பாக்கள் வீற்றிருந்தனர். 1949-இல் மங்கையர்க்கரசியில் மூன்று வேடம்; உடன் நடித்தவர் மறுபடியும் கண்ணாம்பா.

இங்ஙனம் பலராய்த் தோன்றியவர்க்கு வாய்த்த ஆயுள் முப்பத்தைந்தே. உடன் நடித்தோர் முதிர்ந்து தாய் தந்தையராய்த் திரையில் வர, அவர் அப்பருவத்தை எய்தவேயில்லை. 1951-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, புதுக்கோட்டையில் நண்பருடன் மணமகள் என்னும் படத்தைப் பார்த்து வீடு திரும்பியவர் திடீரென மயங்கி உயிர் நீத்தார் என்பர். அவர் நடித்த சுதர்சன் அதன் பின்னரே திரைக்கு வந்தது. மணமகளை இயக்கிய என். எஸ். கிருஷ்ணன், 1940-ஆம் ஆண்டு உத்தமபுத்திரனில் அவரோடு நடித்த விகடர். அதில் நடித்த பத்மினி, ஏழாண்டு கழித்து வந்த உத்தமபுத்திரனின் கதாநாயகி.